சாகாத கழகத்துக்கு ஒரு கல்வெட்டு

உதைபந்தாட்டம் எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இருபத்திரண்டு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஒன்றரை மணித்தியாலம் ஓடிவிட்டு, கடைசியில் ஒன்றுக்கு ஒன்று என்று முடித்துக் கைகுலுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க என்னிடம் பொறுமை கிடையாது. அப்படிப்பட்ட நான், ஸ்பெயினில் ஒரு சின்னப் பட்டணத்து உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை எழுதி அச்சிட்டுக் கொடுத்தவள் என்று சொன்னால் என் சொந்தக்காரர்கள் நம்புவதில்லை. எழுதினேன். எழுதியதில் ஒரு பெரிய பிழையும் விட்டேன். வாயால் சொல்லப் போனால் பாதியில் என் மீதே கோபம் வந்து நிறுத்திவிடுவேன். அதனால் எழுதியே வைக்கிறேன்.

என் தொழிலை முதலில் சொல்ல வேண்டும். கவுன்சில் நூலகத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தேன். அது சம்பளத்துக்கு. லண்டனில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் கல்வெட்டு அக்கா. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடையே ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது வழக்கம். அதைத்தான் கல்வெட்டு என்போம். அட்டையில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் இறந்தவரின் படம், பக்கத்தில் ஒரு விளக்கு, கீழே தோற்றம், மறைவு. உள்ளே தேவாரங்கள், வாழ்க்கை வரலாறு, துயருறும் உறவினர் பட்டியல், கடைசிப் பக்கத்தில் நன்றி. தோர்ண்டன் ஹீத்திலிருந்தும் வால்தம்ஸ்டோவிலிருந்தும் ஆட்கள் ஒரு பையில் படங்களோடு ஹரோவுக்கு வந்து என் சாப்பாட்டு மேசையில் அழுதுவிட்டுப் போவார்கள். மூன்று கிழமையில் புத்தகம் தயாராகும்.

இதில் எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். வரலாற்றை வீட்டாரிடம் காட்டித் திருத்துவேன். அட்டையையும் உறவினர் பட்டியலையும் மட்டும் அச்சாகி முடியும்வரை ஒருவருக்கும் காட்ட மாட்டேன். காட்டினால் போச்சு. என் பெயருக்கு முன்னால் அவளின் பெயர் எப்படி வரலாம், கனடாவில் இருக்கிற மருமகனை ஏன் இரண்டாம் வரியில் போட்டாய் என்று முப்பத்தோராம் நாளும் கடந்துவிடும். அச்சாகி வந்த பிறகு சண்டை பிடித்தால் பிடிக்கட்டும், புத்தகம் கையில் இருக்கும். புத்தகம் கேட்டு வந்தவர்தான் பெரும்பாலும் மூத்த மகன், அவர் பெயர்தான் முதலில். இந்தச் சட்டத்தால் நான் எத்தனையோ குடும்பங்களைப் பிரியாமல் காப்பாற்றியிருக்கிறேன் என்ற பெருமை எனக்கு இருந்தது.

எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்ட வீடுகள். பக்கத்து வீட்டில் ஸ்பெயின்காரர் ஒருவர் இருந்தார். ஹோட்டல் சமையலறைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். பத்து வருடம் நாங்கள் குப்பைத் தொட்டிகளைப் பற்றி மட்டும் கதைத்த அயலவர்கள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கத்தல் வரும். கொலை விழுகிற மாதிரியான கத்தல். பிறகு அமைதி. பிறகு மறுபடி கத்தல்.

ஒரு ஞாயிறு நான் வாழ்க்கை வரலாறு ஒன்றின் நடுவில் இருந்தேன். இறந்தவர் ஓர் ஆசிரியை, மிகவும் அமைதியானவர். அந்த அமைதியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது சுவர் அதிர்ந்தது. எழும்பிப் போய் அவருடைய கதவைத் தட்டினேன். நாலு சூடான வசனங்களை வழியிலேயே ஆங்கிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். கதவைத் திறந்தவரின் கண் சிவந்திருந்தது, கன்னம் நனைந்திருந்தது. அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்துபோயிற்று.

அவருக்கும் எனக்கும் இடையில் ஓடியது ஆங்கிலம்தான். அவருடைய ஆங்கிலம் சமையலறையில் பழகியது, என்னுடையது அகதி விண்ணப்பப் படிவங்களை நிரப்பிப் பழகியது. இரண்டும் ஒன்றையொன்று நன்றாக விளங்கிக்கொண்டன. அவர் சொன்னதை நான் என் தமிழிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் என் நினைவில் அவர் அப்படித்தான் கதைக்கிறார்.

"என்ன நடந்தது? ஆருக்கும் ஏதுமோ?" என்று கேட்டேன்.

"தோத்துப்போனம்," என்றார். "கடைசி நிமிசத்திலை. அதுவும் சொந்தக் கோல்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்தவீடு என்று நினைத்து மனம் இரங்கிவிட்டேனே! ஆனால் உள்ளே வரச் சொன்னார், கோப்பி தந்தார், நானும் இருந்துவிட்டேன். மேசையில் கைத்தொலைபேசி கிடந்தது. ஊரில் ஒரு பெண் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டத்தை வாயால் சொல்ல, அதைக் கேட்கிறவர்கள் உலகத்திலேயே பத்துப் பன்னிரண்டு பேராம். ஸ்பெயினின் பெரிய கழகங்களின் பெயர்கள் எனக்கும் தெரியும், யாருக்குத்தான் தெரியாது. இது அதில்லை. இதற்குக் கீழே இன்னொரு பிரிவு கிடையாது என்னும் அளவுக்குக் கீழே இருக்கும் கழகம்.

"அப்ப இன்னும் கீழை இறங்கேலாதே," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

"ஏலும்," என்றார். "மூடலாம்."

அன்று கோப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சோறும் கறியும் ஒரு கிண்ணத்தில் கொண்டு போவதும், அவர் கிண்ணத்தைக் கழுவி அதற்குள் பாதாம் இனிப்பு வைத்துத் திருப்பித் தருவதும் வழக்கமாகிவிட்டது. என் கணவர் சிரிப்பார். "கத்துறதை நிப்பாட்டப் போனவ, இப்ப கோல் எத்தனையெண்டு கேட்டுக்கொண்டு வாறா," என்று தொலைபேசியில் தன் தமக்கையிடம் சொல்வார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் ஒரு பழைய சூட்கேசோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மேசையில் கிடந்த கல்வெட்டுகளை அவர் முன்பே பார்த்திருக்கிறார். எழுத்து விளங்காவிட்டாலும் படங்களையும் தாளையும் தடவிப் பார்த்து, நல்ல வேலை என்று சொல்லியிருக்கிறார். யாருடைய வரலாறு என்று மட்டும் கேட்பார், நானும் பெயரைச் சொல்வேன். அவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் என்று நான் தனியாகச் சொன்னதில்லை. யாருக்கும் சொல்லத் தேவை வந்ததில்லை.

"ஜூன் மாசம் கழகத்தின்ரை கூட்டம்," என்றார். "தலைவரா இருந்தவர் விலகிட்டார். புதுசா வர ஆரும் இல்லை. ஊரிலை குடியிருக்கிறவர்தான் தலைவரா வரலாம் எண்டு சட்டம். ஆரும் முன்னுக்கு வராட்டி அண்டைக்கே மூடுறது. அதுக்கு முன்னம் எனக்கு ஒரு புத்தகம் வேணும். கழகத்தின்ரை முழு வரலாறும். கூட்டத்துக்கு வாற எல்லாற்றை கையிலையும் ஒண்டு குடுக்கவேணும்."

அவர் கேட்டது, அதை வாசித்து யாராவது ஒருவருக்கு ரோசம் வந்து, நான் இருக்கிறேன் என்று கை உயர்த்த வேண்டும் என்பதற்கு. எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. முடியப் போகிறது, எல்லாரும் கூடுகிறார்கள், கையில் கொடுக்க ஒரு வரலாறு வேண்டும். முப்பது வருடமாக இந்த மேசைக்கு வந்த எல்லாரும் கேட்டது அதைத்தான். மனிதர் முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறார், நல்ல பழக்கம் என்று நினைத்தேன். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

சனிக்கிழமை காலைகளில் என் கணவர் தமிழ் வகுப்புக்கு உதவிக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் சூட்கேசைத் திறந்துகொண்டு இருப்போம். பத்திரிகைத் துண்டுகள், அங்கத்துவ அட்டைகள், ஓரம் கிழிந்த படங்கள். அவரிடம் வரலாறு வாங்குவது லேசான வேலை இல்லை. எந்த வருடம் என்று கேட்டால் பாலம் உடைந்த வருடம் என்பார். அதில் நான் குற்றம் சொல்ல முடியாது, எங்கள் ஆட்களும் இடப்பெயர்வுக்கு முதல், பிறகு என்றுதான் கணக்குச் சொல்வார்கள். ஆனால் ஒரே ஆட்டத்தை மூன்று சனிக்கிழமைகளில் மூன்று விதமாக அவர் சொன்னபோது பேனையை மூடி வைத்துவிட்டேன்.

"இதிலை எது உண்மை?"

"நீங்கள் எது நல்லாயிருக்கெண்டு நினைக்கிறியள்?"

"இது வரலாறு. கூட்டுக்கறி இல்லை."

இரண்டு கிழமை எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு அவர் ஒரு தட்டில் முட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட தடித்த பொரியலோடு வந்து, இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மை என்றார்.

பட்டணம் செங்கல் சூளைகளால் வளர்ந்தது. சூளை வேலைக்காரர்கள்தான் கழகத்தைத் தொடங்கினார்கள். சட்டைக்குத் துணி இல்லை. அந்த நேரம் ஊரின் சினிமாக் கொட்டகை மூடப்பட்டதால் அதன் சிவப்புத் திரையை இறக்கி வெட்டிப் பதினொரு சட்டை தைத்தார்கள். மழை பெய்தால் சட்டை ஊறிக் கனத்து, இரண்டாம் பாதியில் ஒருவராலும் ஓட முடியாது. அதனால் மழை நாட்களில் முதல் பாதியிலேயே எல்லாக் கோலையும் அடித்துவிட வேண்டும் என்பது அவர்களின் ஆட்டத் திட்டம். மைதானம் ஒரு பக்கம் சரிவு. கீழ்ப்பக்கக் கோலுக்குப் பின்னால் ஒரு பாதாம் தோட்டம், பந்து அதற்குள் போனால் தோட்டக்காரியின் மனநிலையைப் பொறுத்துத்தான் ஆட்டம் தொடரும். கோல் காப்பாளர் ஒருவர் தேவாலயத்தில் மணி அடிக்கிறவர். பூசை நேரம் வந்தால் கையுறையைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் விழுந்த கோல்களைக் கர்த்தருக்கு எழுதிவிடுவார்களாம்.

அவருடைய தகப்பன் ஆடியவர் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் சுண்ணாம்பால் மைதானத்துக் கோடுகளைப் போட்டவர். ஒரு முறை அயலூர்க் கழகம் அளவு நாடா கொண்டு வந்து அளந்தபோது, பெனால்டி அடிக்கும் புள்ளி கோலுக்கு ஒரு பெரிய எட்டுக் கிட்ட இருந்தது தெரிந்தது. எத்தனை வருடமாக அப்படி என்று யாருக்கும் தெரியாது. தகப்பன் சத்தியம் பண்ணினாராம், என் காலால்தான் எட்டி வைத்து அளந்தேன், என் கால் குட்டை என்று. மகன் அதைச் சொல்லும்போது எழும்பி நின்று தகப்பன் மாதிரி எட்டி எட்டி என் சாப்பாட்டு அறையில் நடந்து காட்டினார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்தது. அவரும் சிரித்தார், பிறகு சூட்கேசுக்குள் எதையோ தேடுகிற மாதிரி நெடுநேரம் குனிந்திருந்தார்.

ஒரே ஒரு தடவை மேல் பிரிவுக்கு ஏறினார்கள். அடுத்த வருடமே இறங்கினார்கள். சூளைகள் மூடப்பட, இளைஞர்கள் ஜெர்மனிக்கும் சுவிஸுக்கும் லண்டனுக்கும் போனார்கள். ஒரு பருவம் முழுக்க ஒன்பது பேரோடு ஆடியிருக்கிறார்கள். அவர் கிளம்பியதும் அந்த வருடம்தான். "நான் நிண்டிருந்தால் பத்துப் பேர்," என்று ஒரு நாள் சொன்னார். ஆடத் தெரிந்தவரா என்று கேட்டேன். "இல்லை. ஆனால் பத்து," என்றார்.

நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், அவர் சரி பார்ப்பார், ஊரில் இருக்கிற அவருடைய தங்கையின் மகள் அதை ஸ்பானிஷில் மாற்றி அனுப்புவாள். வரலாறு நன்றாக வந்தது, நானே சொல்கிறேன். பிறகு என் சட்டப்படி அவருக்குக் காட்டாமல் மீதியைச் செய்தேன். அட்டையில் முட்டை வடிவச் சட்டத்துக்குள், திரைச்சீலைச் சட்டை போட்ட முதல் அணியின் படம். கத்தோலிக்கர்கள் என்பதால் விளக்குக்குப் பதில் மெழுகுவர்த்தி. தோற்றம் என்று கழகம் தொடங்கிய ஆண்டு, மறைவு என்று அந்த வருட ஜூன். தேவாரம் வரவேண்டிய இடத்தில் கழகத்தின் பாட்டு. அங்கத்தவர் பெயர்கள் எல்லாவற்றையும் எடுத்து, துயருறும் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வயதுப்படி பிரித்தேன். மூத்த மகனாக முதலில் அவர் பெயர். சட்டைகளை நாற்பது வருடமாகத் தோய்த்துக் கொடுக்கிற பெண்ணை மூத்த மகளாக வைத்தேன். கடைசிப் பக்கத்தில், எம் துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் நன்றி.

இந்தச் சொற்களையும் தங்கை மகள்தான் ஸ்பானிஷில் மாற்றித் தந்தாள். மாமாவிடம் சொல்லிப்போடாதே, அச்சானபிறகுதான் காட்டுவேன் என்று எழுதியிருந்தேன். மாமா ஊராருக்கு ஏதோ பகிடி விடப்போகிறார் என்று அவள் நினைத்தாளாம்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில்தான் அச்சகத்திலிருந்து பெட்டி வந்தது. மத்தியானம் அவருக்கு விமானம். பயண உடுப்போடு வந்து, எங்கள் முன் அறையில் நின்றபடியே பெட்டியைப் பிரித்து ஒரு பிரதியைக் கையில் எடுத்தார். நான் பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

அட்டையை வெகுநேரம் பார்த்தார். பக்கங்களைப் புரட்டினார். பட்டியலில் நின்றார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

"கழகம்," என்றேன்.

"அது இன்னும் சாகேல்லை."

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் எதற்காகப் புத்தகம் கேட்டார், நான் எதைச் செய்து வைத்திருக்கிறேன் என்று ஒரேயடியாக. வெட்கத்தில் எனக்கு உடம்பு வேர்த்தது. இத்தனை வயதில் அப்படி வெட்கப்பட்டதில்லை. அட்டைகளைக் கிழித்துவிடலாம், பட்டியல் பக்கத்தை வெட்டி எடுக்கலாம், கத்தரிக்கோல் கொண்டு வாறன் என்று என்னென்னவோ சொன்னேன். நூற்றிருபது பிரதிகள். நேரம் இல்லை.

"மூச்சு விடுற ஆளைப் பாடையிலை ஏத்திப்போட்டாய்," என்றார் என் கணவர் தமிழில், மெதுவாக.

"நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ!" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாய்வதற்கு யாராவது வேண்டியிருந்தது.

ஸ்பெயின்காரர் பெட்டியை மூடி நாடா ஒட்டினார். "வேறை புத்தகம் இல்லை," என்றார். "வெறும் கையோடை போகேலாது." என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கணவர் அவரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து, வழி முழுக்க மனிதர் பெட்டியின் மேல் கை வைத்தபடியே இருந்தார் என்றார்.

அந்தச் சனி, ஞாயிறு முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. வாழ்வதா சாவதா என்று இழுத்துக்கொண்டு கிடக்கும் ஒன்றின் தலைமாட்டில் போய் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அட்டையைப் பார்ப்பார்கள், சரி, முடிந்தது என்று எழும்பிப் போவார்கள். அவர் தகப்பன் கோடு போட்ட மைதானத்தை நான் ஹரோவில் இருந்துகொண்டு மூடிவிட்டேன் என்றே நினைத்தேன். திங்கட்கிழமை ஒரு குடும்பம் கல்வெட்டுக்கு வர இருந்தது. சுகமில்லை என்று சொல்லி நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். நடந்ததை அங்கேயே சொன்னார்.

கூட்டம் மைதானத்துக்குப் பக்கத்து மதுக்கடையில் நடந்திருக்கிறது. புத்தகத்தைக் கதிரைகளில் வைத்துவிட்டு அவர் பின்வரிசையில் போய் இருந்துகொண்டார். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒருவர், இது என்ன கேவலம் என்று எழும்பினார். பிறகு எல்லாரும் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடத் தொடங்கினார்கள். கண்டதும் சத்தம் கூடிவிட்டது. சட்டை தோய்க்கிற பெண் முன்னால் வந்தாளாம்.

"என்னைக் கேக்காமல் ஆர் என்னைத் துக்கம் காக்க விட்டது? வாற பருவத்துக்குச் சட்டையெல்லாம் தோச்சு மடிச்சு வைச்சிருக்கிறன்!"

கூட்டத்தை நடத்தியவர் மேசையில் தட்டி, அப்படியென்றால் தலைவராக யார் வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ரோசம் எல்லாருக்கும் வந்தது, கை ஒருவருக்கும் வரவில்லை. இரண்டாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டால் சட்டப்படி முடிந்தது. அப்போது அந்தப் பெண் புத்தகத்தைத் திறந்து பட்டியலின் முதல் பெயரை உரக்க வாசித்தாளாம். வாசித்துவிட்டுப் பின்வரிசையைப் பார்த்துக் கேட்டாளாம்:

"மூத்த மகன் எண்டு உன்னைத்தான் போட்டிருக்கு. மூத்த மகன் செத்தவீட்டுக்கு மட்டும்தான் வருவானோ?"

"நீங்கள் என்ன சொன்னியள்?" என்று கேட்டேன். ஈரச் சேலை கையில் அப்படியே இருந்தது.

"ஒண்டும் சொல்லேல்லை. கையைத் தூக்கினன்."

எனக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. கழகம் தப்பிவிட்டது, என் பிழை தப்பிவிட்டது, கைதட்டினேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்தச் சட்டம் என் தலைக்கு ஏறியது. தலைவர் ஊரில் குடியிருக்க வேண்டும்.

"அப்ப நீங்கள்..."

"ஓம். போறன்."

நாற்பது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தவர். மனைவியை இங்கே அடக்கம் செய்தவர். ஊருக்குத் திரும்புவீர்களா என்று யாராவது கேட்டால், அங்கே எனக்கு என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பவர். "பயமாயிருக்கு," என்று சொன்னார், ஒரு பெரிய மனிதர் அப்படிச் சொல்வதை நான் அடிக்கடி கேட்டதில்லை. எனக்கோ ஆத்திரம் வந்தது. அந்தச் சட்டை தோய்க்கிறவள் மேல், வராமல் இருந்த இளைஞர்கள் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். பட்டியலை வயதுப்படி போட்டேனே, அகரவரிசையில் போட்டிருந்தால் அவர் பெயர் நடுவில் எங்கேயோ கிடந்திருக்கும்.

"என்ரை பிழை," என்றேன்.

"ஓம், உங்கடை பிழைதான்," என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், நானும் சிரித்தேன், இருவருக்கும் கண் கலங்கியிருந்தது.

ஆடி மாதம் முழுக்க வீட்டைக் காலி செய்தார். என் கணவர் தினமும் போய்ப் பெட்டி கட்ட உதவினார், வேண்டாத வேலைகளிலும் மூக்கை நுழைத்துத் திட்டு வாங்கினார். நான் போனேன், நின்றேன், ஒன்றுக்கும் உதவாமல் திரும்பினேன். ஒருவர் போன பிறகு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியும். போகும்போது முகத்துக்கு நேரே சொல்வதற்கு எனக்கு ஒரு வசனமும் தெரியவில்லை. கடைசி நாள் காருக்குப் பக்கத்தில் நின்று, "குளிர் உடுப்பு வைச்சிட்டீங்களோ?" என்று கேட்டேன். ஆவணி வெயிலில் ஸ்பெயினுக்குப் போகிற மனிதரிடம். அவர் மிகவும் பொறுப்பாக, வைத்துவிட்டேன் என்று பதில் சொன்னார்.

கார் தெருமுனையில் திரும்பியபின் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டில் வேறு ஆட்கள் வருவார்கள், நல்லவர்களாகவும் இருப்பார்கள், எனக்கு அவர்கள் வேண்டாம் என்று இருந்தது. அவரை அனுப்பியது நான். யார் எப்படி ஆறுதல் சொன்னாலும் அதை மாற்ற முடியாது. அவர் போனது எனக்குத் துக்கம், பெரிய துக்கம்.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு பின்னேரம் தொலைபேசி அடித்தது. அவர்தான். பின்னால் ஆட்களின் இரைச்சல், யாரோ பாடுகிறார்கள், கதிரைகள் இழுபடும் சத்தம்.

"முதல் ஆட்டம் முடிஞ்சுது," என்றார். "நாலுக்குச் சைபர்."

"வெண்டியளோ?"

"தோத்தம்! பதினொரு பேர் வந்தவை. முழுப் பதினொரு பேர். காலமை நான்தான் சுண்ணாம்புக் கோடு போட்டனான். ஒரு இடத்திலை வளைஞ்சு போச்சு, மத்தியஸ்தர் பேசினவர்." மூச்சு வாங்கியது அவருக்கு. யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வாறன் வாறன் என்று தன் பாஷையில் கத்தினார். பிறகு என்னிடம், "வீடு நிறையச் சனம். சாப்பாடு வைக்கவேணும். பிறகு எடுக்கிறன்," என்றார்.

சாப்பிடுகிறீர்களா, மருந்து எடுக்கிறீர்களா, எப்போதாவது இந்தப் பக்கம் வருவீர்களா என்று கேட்க நினைத்திருந்தேன். "நல்லது, போய்ப் பாருங்கோ," என்று மட்டும் சொன்னேன். வைத்துவிட்டார்.

என் கணவர் கதவடியில் வந்து நின்று, என்ன செய்தி என்று கேட்டார். நாலுக்குச் சைபர் என்று சொன்னேன், சொல்லும்போதே கண் நிரம்பிவிட்டது. முப்பது வருடமாக இந்த மேசையில் எத்தனையோ பேருடைய மறைவை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எழுதியிருக்கிறேன். ஒரு மனிதர் நன்றாக இருக்கிறார் என்று கேட்டு அழுதது அதுதான் முதல் தடவை.